எந்தூரு மீனு?

2023 டிசம்பர் 6, புதன்

கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே படுத்துக் கிடந்தேன். வேறு எதுவும் வேண்டாம் போலிருந்தது.

போனில் சார்ஜ் ஏறியதும் ஆபீஸ் குரூப் கொட்டித் தள்ளியது. புயல் முழுக்க கோல்டு ஸ்டோர் ஜெனரேட்டரில் ஓடியிருக்கிறது. மைனஸ் 18-இல் நிற்க வேண்டியது மைனஸ் 13 வரை ஏறி இறங்கியதாம். கதவைத் திறக்காதீங்க, திறக்காதீங்க என்று மேனேஜர் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார். கணவாய் எட்டு டன் உள்ளே. நாளைக்கு வா என்கிறார். பஸ் ஓடுகிறதா என்று கேட்கவில்லை.

எங்கள் வாசல்படியோடு தண்ணீர் நின்றுவிட்டது. எர்ணாவூரில் கூடப் படித்தவள் வீட்டில் இடுப்பளவு. வடிந்த பிறகு சுவரில் கறுப்பாகக் கோடு நிற்கிறதாம். எண்ணெய். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அவள் அனுப்பிய போட்டோவில் பீரோ, குழந்தையின் ஸ்கூல் பை, சாமி படம் எல்லாம் ஒரே உயரத்தில் கறுத்திருந்தன.

காசிமேட்டில் லாஞ்சு எல்லாம் கட்டிக் கிடக்கிறது. ஐஸ் கம்பெனிக்கும் கரண்ட் இல்லை. அம்மாவுக்கு வியாபாரம் இல்லை. சும்மா உட்கார்ந்தால் அவளுக்குக் கோபம் வரும். வந்தது. என் மேல்தான்.

டிசம்பர் 7, வியாழன்

மெட்ரோ ஓடியது. புது வண்ணாரப்பேட்டையில் இறங்கி நடந்தேன். செருப்பு போனது.

மத்தியானம் மாமா போன் பண்ணினார், காட்டுக்குப்பத்திலிருந்து. “ஆறே தெரியல பாப்பா. தார் மாதிரி ஓடுது.” படகு, கயிறு, வலை எல்லாம் பூசிக்கொண்டதாம். நைலான் குடித்துவிட்டால் கழுவ முடியாது. ஆடியில் வாங்கிய வலை. தவணை முடியவில்லை.

அவர் பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு ஸ்டாக் லிஸ்ட் முடிக்க வேண்டும். “சரி மாமா, சரி மாமா” என்று வைத்துவிட்டேன்.

தொண்டை கரகரப்பு.

டிசம்பர் 9, சனி

அம்மா ராத்திரி இரண்டரைக்கே எழுந்து காசிமேடு போனாள். நாலைந்து போட்தான் வந்திருந்ததாம். ஏலம் நெருப்பு. சங்கரா ஒரு பெட்டி, கானாங்கெளுத்தி கொஞ்சம், காரப்பொடி கொஞ்சம். ஐஸ் விலையும் இரட்டிப்பு.

சாயங்காலம் வந்ததும் சிவப்பு நோட்டு. அவள் சொல்ல நான் எழுத வேண்டும். ஏழாவது படிக்கும்போதிலிருந்து இதுதான் என் வேலை. என்ன மீன், யாரிடம் எடுத்தது, எவ்வளவு, யாருக்குக் கடன். இன்று எழுதக் குறைவு. சங்கராவில் பாதி திரும்ப வந்துவிட்டது.

“வாங்க வரவ எல்லாம் ஒரே கேள்விடி. எந்தூரு மீனு, எந்தூரு மீனு. காசிமேடுன்னா முகத்தைச் சுளிக்கிறாளுக.”

காசிமேட்டு போட் ஆந்திரா பக்கம் போய்ப் பிடித்து வரும். அந்த மீன் எண்ணூர் ஆற்றைக் கண்ணால் பார்த்திருக்காது. யாருக்குச் சொல்வது.

டிசம்பர் 10, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மீன் மிஞ்சுவதை நான் பார்த்ததே இல்லை. இன்று மிஞ்சியது. எதிரே கறிக்கடையில் மெட்ரோ படிக்கட்டு வரை க்யூ.

நானும் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். மெச்சிக்கொள்கிற மாதிரி செவுளைத் தூக்கிச் சிவப்பு காட்டினேன். ஒரு பெண் குனிந்து முகர்ந்து பார்த்தாள். மீனை முகர்ந்துவிட்டு என்னையும் பார்த்தாள். டீச்சர் மாதிரி இருந்தாள். “எண்ணூர் மீன் கலந்திருக்கா?” “இல்லைங்க.” “எப்படித் தெரியும்?”

வாரம் முழுக்க ஆபீசில் நான் நிரப்புகிற பாரத்துக்கே இந்தக் கேள்விதான் தலைப்பு. பதில் வாய்க்கு வரவில்லை. அவள் போய்விட்டாள்.

மிச்சம் உப்பில் போட்டாயிற்று. வெயில் இல்லை. கருவாடாவது ஆகுமா பார்க்கலாம்.

டிசம்பர் 12, செவ்வாய்

ஸ்பெயின்காரரிடமிருந்து மெயில். செய்தி அங்கேயும் போய்விட்டது. எங்கள் லாட்டில் எண்ணூர் சரக்கு உண்டா, ஒவ்வொரு கார்ட்டனுக்கும் போட் வாரியாக உறுதி கொடு, இல்லையென்றால் கன்டெய்னரை ஏற்றாதே.

மேனேஜர் என் மேஜைக்கே வந்து நின்றார். அதிசயம். இந்த சீட் 2010-க்கு முன்னால் கிடையவே கிடையாது என்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்த வருஷம் ஜனவரியில்தான் ஐரோப்பா கேட்ச் சர்டிபிகேட் இல்லாத கடல் மீனை இறக்க விடமாட்டேன் என்றது. இன்று “நீதாம்மா காப்பாத்தணும்” என்றார்.

எடுத்தேன். செபியா ஃபாராவோனிஸ். ஏரியா 57. இழுவலை. இறக்கிய இடம் சென்னை மீன்பிடித் துறைமுகம். இறக்கிய தேதி எல்லாம் நவம்பர் கடைசி. புயலுக்கு முன்னால். எண்ணெய்க்கு முன்னால். போட் பெயர், பதிவு எண், லைசென்ஸ். கடல் உணவு ஏற்றுமதிக்கான மத்திய ஆணையம் எம்பிடா பார்த்து ஏற்றுக்கொண்ட சான்று. ஒரு மணி நேரத்தில் கடிதம் ரெடி.

ஒரு மணி நேரம். அம்மா மூன்று நாளாக நிரூபிக்க முடியாததை.

பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கு எடுத்திருக்கிறது என்று பேப்பரில் இருந்தது. எந்தக் கம்பெனி என்றும் இருந்தது. எண்ணெய் எங்களுடையது இல்லை என்கிறது அந்தக் கம்பெனி. மணலியிலிருந்து பக்கிங்காம் கால்வாயில் வந்து, அங்கிருந்து கொசஸ்தலையாற்றுக்கு, முகத்துவாரத்துக்கு, கடலுக்கு. வழி எல்லோருக்கும் தெரிகிறது.

டிசம்பர் 13, புதன்

மாமா வேலைக்குப் போகிறார். எண்ணெய் அள்ளும் வேலை. அவர் படகில், அவர் ஆற்றில். பிளாஸ்டிக் மக், பக்கெட், டிரம். முதல் நாள் கையுறைகூட இல்லை. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதிக்கொண்டபோதும் பக்கெட்டில்தான் அள்ளினார்கள். அப்போதும் மாமா போனார். அப்போது ஊரே சிரித்தது, பக்கெட் பக்கெட் என்று. இப்போது சிரிக்கக்கூட யாருமில்லை.

20 சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருக்கிறது என்கிறது கோஸ்ட் கார்டு. கூழைக்கடா ஒன்று சிறகை விரிக்க முடியாமல் நிற்கிற போட்டோ எல்லோர் ஸ்டேட்டஸிலும். பாவம்தான். மாமா கை போட்டோவை நான் வைத்தேன். நாலு பேர் பார்த்தார்கள்.

ஏஜெண்ட் வந்திருந்தார். புதுச் சரக்குக்கு போட் லிஸ்ட் கேட்டேன். சிகரெட் அட்டையில் எழுதி வந்திருந்தார். ஐந்து எண். எத்தனை கிலோ எந்த போட்டில் என்றால், “எல்லாம் ஒரே வண்டிலதான் வருது பாப்பா, பிரிச்சுப் போட்டுக்கோ.” பிரித்தால் கூட்டுத்தொகை சரியாக வரும். எப்போதும் சரியாக வரும். அதுதான் உறுத்துகிறது. துறைமுகத்தில் எம்பிடாவுக்காக நோட்டோடு நிற்பவர் குறித்ததோடு பொருந்த வேண்டும் என்றேன். “பொருந்தும், பொருந்தும்.” எண்களை அவர் முன்னாலேயே ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒரு போட் புயலுக்கு முன்னாலிருந்தே ரிப்பேரில் கிடக்கிறது. அதை அடித்துவிட்டு அந்தக் கிலோவைத் தனியே நிறுத்திவைக்கச் சொன்னேன். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனார். நல்லது.

டிசம்பர் 14, வியாழன்

அம்மா திரும்பக் கொண்டு வந்தது: சங்கரா, நெத்திலி. நோட்டில் எழுதினேன்.

17ஆம் தேதிக்குள் எண்ணெயை எடுத்து முடிக்க வேண்டுமாம். ஆற்றுக்குத் தேதி குறித்திருக்கிறார்கள்.

தலைவலி. காற்று வடக்கிலிருந்து அடிக்கும்போது பெட்ரோல் பங்க் வாடை. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம். திறந்தால் தலைவலி.

டிசம்பர் 15, வெள்ளி

மீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முட்டை பொரித்துச் சாப்பிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தட்டை வைக்கிற சத்தம் மட்டும் பெரிதாக இருந்தது.

காசிமேட்டு மீன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இறங்கவில்லை.

டிசம்பர் 16, சனி

இன்று அம்மா “நெல்லூர் மீனு, நெல்லூர் மீனு” என்று கூவினாள். போணி ஆனது. எனக்குக் கோபம். ஏன் பொய் என்றேன். “ஆந்திராக் கடல்ல புடிச்சதுதானே? நீயே சொன்ன.” பதில் இல்லை என்னிடம். சங்கரா முழுதும் போய்விட்டது.

பொய்கூட இல்லை என்று இப்போது தோன்றுகிறது. என்னுடைய பாரத்திலும் ஏரியா 57 என்றுதான் இருக்கிறது. வங்காள விரிகுடா முழுதும் அதற்குள் அடக்கம். எண்ணூரும்தான்.

மாமா இறால் கொடுத்து அனுப்பிய காலத்தில் அம்மா இதே தெருவில் “எண்ணூர் எறா, எண்ணூர் எறா” என்று கூவி இரண்டு ரூபாய் அதிகம் வைத்து விற்றாள். பேரைக் கேட்டதும் கூட்டம் கூடும். அத்தை கையால் தடவிப் பிடித்த இறால், துள்ளிக்கொண்டிருக்கும்.

டிசம்பர் 17, ஞாயிறு

தேதி வந்துவிட்டது. எண்ணெய் இருக்கிறது. மாமா சொல்கிறார்: மேலே மிதந்ததை எடுத்துவிட்டார்கள், அலையாத்தி வேரிலும் சேற்றிலும் இருப்பதை யார் எடுப்பார்கள். வேரைத் தொட்டால் கை கறுப்பு. நண்டு வளையெல்லாம் மூடிக் கிடக்கிறது.

அம்மாவும் நானும் ரேஷன் கடைக்குப் போனோம். வெள்ள நிவாரணம் ஆறாயிரம், டோக்கன் நாளை மறுநாளுக்கு. க்யூவில் முன்னால் நின்றவள் அம்மாவின் பழைய வாடிக்கை. நலம் விசாரித்தாள். மீன் எப்போது “சுத்தமாகும்” என்று கேட்டாள். நல்லவள்தான். அதனால் இன்னும் எரிச்சல்.

டிசம்பர் 19, செவ்வாய்

தூத்துக்குடி, திருநெல்வேலி மூழ்கிக் கிடக்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். டிவியில் எண்ணூர் இல்லை. நேற்றிலிருந்தே இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்தால் நம்முடையதை எடுத்துப் பேசவே கூச்சம்.

ஆபீசில் வேறு கணக்கு. தூத்துக்குடி கம்பெனிகள் ஓடவில்லை, ஆர்டர் இந்தப் பக்கம் திரும்பலாம் என்கிறார் மேனேஜர். அங்கே ஒரு குடோனில் தண்ணீர் புகுந்த வீடியோவை அவர்தான் காட்டினார். முகத்தில் கவலை. பேச்சில் இல்லை.

கரண்ட், டீசல், ஐஸ், ரோடு. இந்த நாலில் ஒன்று போனாலும் கடலில் பிடித்தது குப்பை. அதை ஒரு ரிப்போர்ட்டாக எழுதிக் கொடு என்றிருக்கிறார். ஜெனரேட்டருக்கு இரண்டு நாள் டீசல் கையிருப்பு, ஐஸுக்கு இரண்டாவது கம்பெனி, டேட்டா லாகர் பேட்டரி. எழுதினேன். அம்மாவின் ஐஸ் பெட்டிக்கு யாரும் ரிப்போர்ட் கேட்க மாட்டார்கள். தெர்மோகோல் உடைந்து டேப் சுற்றி வைத்திருக்கிறாள்.

டிசம்பர் 21, வியாழன்

ஸ்பெயின்காரர் ஒப்புக்கொண்டார். கன்டெய்னர் சீல் ஆகிவிட்டது. மேனேஜர் எல்லோருக்கும் வெஜ் பப்ஸ். பயங்கரப் பசி, இரண்டு சாப்பிட்டேன்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பானேன். அந்த எட்டு டன்னில் ஒவ்வொரு கார்ட்டனுக்கும் நான் பேர் வைத்திருக்கிறேன்.

வீட்டில் அம்மா: “வாங்கலடி. பாதி திரும்பிடுச்சு.”

டிசம்பர் 22, வெள்ளி

மாமா வந்தார். கை இரண்டிலும் தடிப்பு, விரலிடுக்கில் வெடிப்பு. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டார். எண்ணெய்க்கு எண்ணெய் என்று அவரே சிரித்தார்.

பழவேற்காட்டுப் பக்கம் பங்காளி பிடித்தது என்று ஒரு பையில் நண்டு. பச்சை நண்டு, பெரிசு. அம்மா வாங்கி வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். எந்த ஊர் என்று அவளும் கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். கேட்கவில்லை. மிளகு அரைத்தாள்.

நான் சாப்பிட்டேன். போன வெள்ளி முட்டை, இந்த வெள்ளி நண்டு. என்னிடம் கணக்குக் கேட்க யாருமில்லை. நன்றாக இருந்தது. ராத்திரி முழுக்க வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை.

டிசம்பர் 24, ஞாயிறு

அரசு அறிவிப்பு. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500. 787 படகுக்குத் தலா 10,000. மற்ற 6,700 குடும்பங்களுக்கு 7,500. மொத்தம் 8 கோடியே 68 லட்சம். நானே பெருக்கிப் பார்த்தேன், பழக்கதோஷம். சரியாக வருகிறது.

மாமா பேர் எதில் வரும்? படகு பங்காளி பேரில். சங்க கார்டு புதுப்பிக்கவில்லை. ரேஷன் கார்டு இன்னும் மீஞ்சூர் முகவரியில். அத்தைக்குப் படகே கிடையாது, வலை கிடையாது, ஆற்றில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிப்பவள். அதற்கு எந்தப் பட்டியல்?

அவர் விசாரித்துச் சொல்கிறேன் என்றார். குரலில் நம்பிக்கை இருந்தது. எனக்கும் இருந்தது.

மீன்: கானாங்கெளுத்தி பாதி திரும்பியது.

டிசம்பர் 26, செவ்வாய்

சுனாமி நாள். காசிமேட்டில் பால் ஊற்றப் போனார்கள். அம்மா ஒவ்வொரு வருஷமும் போவாள். 2004-இல் எனக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகும் இரண்டு மாதம் யாரும் மீன் வாங்கவில்லை, மீன் பிணம் தின்றது என்று. அம்மா அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர். 2004 பிணம். 2017 எண்ணெய். 2018 ஜூலையில் பார்மலின். இப்போது மறுபடி எண்ணெய். “மீனு என்னைக்கும் மீனாதான் இருக்குது” என்றாள்.

தண்டையார்பேட்டையில் எத்தனால் டேங்க் வெடித்து வெல்டர் ஒருவர் செத்துப்போனார். அந்தப் புகையைக் கரையிலிருந்தே பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

சீக்கிரம் தூங்க வேண்டும்.

டிசம்பர் 27, புதன்

தூங்கவில்லை. ஒன்றரை மணிக்குக் கதவு தட்டல். சித்தி, சித்தப்பா, இரண்டு பிள்ளைகள். பெரியகுப்பத்திலிருந்து ஆட்டோவில். நைட்டியோடு. முகத்தில் ஈரத்துணி. உரக் கம்பெனிக்குக் கடலுக்கடியில் வருகிற குழாயில் அமோனியா கசிந்துவிட்டது. நடுராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் விசில் சத்தம், அப்புறம் கண்ணெரிச்சல், மூச்சு முட்டல். எந்தப் பக்கம் ஓடுவது என்று யாரும் சொல்லவில்லையாம். ரோட்டில் போன லாரியையெல்லாம் மறித்து ஏறியிருக்கிறார்கள். பெரியவன் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தான். சின்னவள் என் மடியில்.

எனக்கும் தொண்டை எரிந்தது. நிஜமா, பயமா, தெரியவில்லை.

விடிந்ததும் டிவி. பல பேர் ஆஸ்பத்திரியில். கடல் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்கலாமாம், 49 இருந்ததாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. கரையில் மீன் செத்து ஒதுங்கியிருக்கிறது.

கவனித்தேன், குழாயில் எந்த இடம், எத்தனை மணிக்கு, எத்தனை அடி ஆழம் என்று எல்லாம் உடனே தெரிந்துவிட்டது. கம்பெனி வாசலில் ஊர் முழுக்க உட்கார்ந்ததால் தெரிந்தது.

லீவு கேட்டேன். அரை நாள் கிடைத்தது.

டிசம்பர் 28, வியாழன்

காலையில் விஜயகாந்த் இறந்துவிட்டார். கடையெல்லாம் சாத்தல். அம்மா எடுத்து வந்த மீன் கூடையிலேயே. சித்தப்பா அழுதார். தனக்கு வேலை போனதற்கும், பிள்ளை வாந்திக்கும், வீட்டை விட்டு ஓடி வந்ததற்கும் அழாதவர்.

ஒரு அறையில் ஆறு பேர். பாத்ரூமுக்கு க்யூ. எனக்குத் தனியாக ஒரு மணி நேரம் வேண்டும். சொன்னால் கேவலமாக இருக்கும்.

டிசம்பர் 30, சனி

சித்தி குடும்பம் திரும்பிப் போனது. போராட்டப் பந்தலுக்கு நேராக. எண்ணூரைச் சுற்றின குப்பமெல்லாம் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது.

வீடு காலியானதும் நிம்மதி. அப்புறம் சின்னவளின் ரப்பர் பேண்ட் தலையணைக்கடியில் கிடைத்தது. சே.

சந்தையில் புதுக் கேள்வி. “எண்ணெய் மீனா, அமோனியா மீனா?” கேட்டவன் சிரித்துக்கொண்டே கேட்டானாம். அம்மா அவன் கையில் இருந்த சங்கராவைப் பிடுங்கிக் கூடையில் போட்டுவிட்டாள். இருபது வருஷத்தில் அவள் வாடிக்கையை விரட்டியதை நான் கேள்விப்பட்டதில்லை. சொல்லும்போது அவளுக்கே சந்தோஷம்.

ஜனவரி 1, திங்கள்

புது டைரி வாங்கவில்லை. இதிலேயே பக்கம் இருக்கிறது.

புத்தாண்டுக்கு மீன் போகும் என்று அம்மா வஞ்சிரம் எடுத்தாள். தைரியம்தான். முக்கால்வாசி போனது. தி. நகரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்த ஒரு அம்மா முழு மீனாக வாங்கிப் போனாராம். எந்த ஊர் என்று கேட்கவே இல்லை. “கேக்காம வாங்கிட்டாங்கடி” என்று மூன்று தடவை சொன்னாள்.

ஜனவரி 3, புதன்

பட்டியலில் மாமா பேர் இல்லை. அத்தை பேர் இல்லை. படகுக்கு வருவது பங்காளிக்கு. பாதி தருகிறேன் என்கிறார் அவர். தருவார், நல்ல மனுஷன். ஆனாலும்.

கேட்கப் போன இடத்தில் மாமாவிடம், நீ மீன் பிடிப்பவன் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறார்கள். கையைக் காட்டினாராம். தடிப்பு இன்னும் ஆறவில்லை. அது எண்ணெய் அள்ளினதற்கு ஆதாரம், மீன் பிடித்ததற்கு இல்லை என்று பதில்.

ராத்திரி போனில்: “கப்பலுக்கே பேப்பர் எழுதுற பொண்ணு நீ. எனக்கு ஒண்ணு எழுதிக் கொடேன் பாப்பா.”

விளையாட்டாகத்தான் சொன்னார்.

ஜனவரி 4, வியாழன்

ஆபீசில் வேலை ஓடவில்லை. போன நிதியாண்டில் நாட்டிலிருந்து போன கடல் உணவு 17 லட்சம் டன்னுக்கு மேல், 63,969 கோடி ரூபாய் என்று சுவரில் எம்பிடா போஸ்டர். இத்தனை நாள் அதற்குக் கீழேதான் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அதில் மாமாவின் இறால் உண்டா என்று யோசித்தேன். எப்போதாவது ஏஜெண்ட் ஆற்று இறாலையும் எடுத்துப் போவார், விலை நன்றாக இருந்தால். அது எந்த போட் பேரில் போயிருக்கும்? ஏதோ ஒரு லாஞ்சின் பேரில்.

சிவப்பு நோட்டு! இப்போதுதான் உறைக்கிறது.

ஜனவரி 5, வெள்ளி

பரணிலிருந்து பழைய நோட்டுகளையும் இறக்கினேன். 2016-இலிருந்து இருக்கிறது. கரப்பான் அரித்தது இரண்டு. தூசியில் தும்மல், தொண்டை பழையபடி.

எல்லாம் என் கையெழுத்து. “தம்பி” என்று அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், ஏழாவது வகுப்பிலிருந்து பழகிய மாதிரி. தம்பி, வெள்ளை எறா, இவ்வளவு. தம்பி பொண்டாட்டி, கை எறா, இவ்வளவு. தம்பி, மடவை. தம்பி, பச்சை நண்டு. தேதி, எடை, ரூபாய். புயல், மழை, எடுக்கவில்லை. 2017 பிப்ரவரி முழுக்க “எடுக்கவில்லை, எண்ணெய்.” டிசம்பர் 2022-ஐயும் டிசம்பர் 2023-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். போன டிசம்பர் ஒவ்வொரு நாளும் நிரம்பி இருக்கிறது. இந்த டிசம்பரில் 4ஆம் தேதிக்குப் பிறகு மாமா பேரே இல்லை.

போட் பேர், பதிவு எண் மட்டும் இல்லை. மற்றபடி என் ஆபீஸ் பாரத்தில் கேட்பதெல்லாம் இருக்கிறது. சிகரெட் அட்டையை விட ஒழுங்காக.

ஜனவரி 6, சனி

உட்கார்ந்து எழுதினேன். மனு என்று ஆரம்பித்து, மேலே கட்டம் போட்டுவிட்டேன், கை அப்படித்தான் போகிறது. பிடித்தவர் பெயர். பிடித்த இடம்: கொசஸ்தலையாறு, காட்டுக்குப்பம். முறை: வலை. அத்தைக்கு: கையால். இனம். எடை. தேதி. வாங்கியவர்: அம்மா பேர், கைநாட்டு இல்லை, கையெழுத்தே போடுவாள், கோணலாக. படகு எண் இருக்கிற இடத்தில் பங்காளியின் எண்ணைப் போட்டு, பாதிப் பங்கு என்று எழுதி, அவர் கையெழுத்தும் வாங்கியாயிற்று.

இரண்டு வருஷக் கணக்கு, ஆறு பக்கம். அம்மா ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஒரு இடத்தில் “அன்னைக்கு ரெண்டு கிலோ கம்மி, நீ தப்பா எழுதிக்கினே” என்று ஒரு வருஷத்துக்கு முந்தைய எடையைத் திருத்தினாள். திருத்தினேன்.

மாமாவிடம் படித்துக் காட்டியபோது ஒன்றும் பேசவில்லை. பிறகு, “கை எறாவையும் போட்டுட்டியா?” என்றார். போட்டிருக்கிறேன்.

பக்கத்துத் தெருவில் அம்மாவோடு வியாபாரம் பண்ணும் இருவர் அவர்கள் ஊர்க்காரர்களுக்கும் எழுதித் தரச் சொல்கிறார்கள். அவர்களிடம் நோட்டு இல்லை. இனிமேலாவது வையுங்கள் என்றேன். வாரத்துக்கு ஒரு பக்கம் நான் எழுதித் தருகிறேன் என்றும் சொல்லித் தொலைத்தேன். எங்கே நேரம்.

ஜனவரி 7, ஞாயிறு

நந்தம்பாக்கத்தில் முதலீட்டாளர் மாநாடு. டிவி முழுக்க அதுதான். எந்தெந்த கம்பெனி எத்தனை கோடி என்று கீழே ஓடிக்கொண்டே இருக்கிறது. அம்மா நிறுத்தச் சொன்னாள்.

மீன்: சங்கரா எல்லாம் போனது. நெத்திலி கொஞ்சம் நின்றது. எண்ணூர் இறால் எப்ப வரும் என்று ஒரு தாத்தா கேட்டாராம். அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும்.

மனு மூன்று செட் செராக்ஸ் போட்டாயிற்று. நோட்டு அசல் கொடுக்கக் கூடாது, காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், ரசீது எண் கேட்டு வாங்க வேண்டும். நாளை திங்கள், ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீசில் குறைதீர்ப்பு நாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டேன். அத்தையும் வருகிறாள். இருவரும் ஆதார் அசல் எடுத்து வர வேண்டும், பத்து மணிக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று போன் பண்ணிச் சொல்லியாயிற்று.